மேல்காற்று அடிக்கும் நாட்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

எங்கள் ஊர் வேலூர். சித்திரை பிறந்ததும் அம்மா காலண்டரைப் பார்க்க மாட்டார், கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். துணி கிழக்கே பறந்தால், "மேகாத்து வந்துடுச்சு, ஜன்னலைச் சாத்து" என்பார். அன்று வெயில் 41ஐத் தொடும். துணி மேற்கே பறந்தால் ஜன்னலைத் திறந்து வைப்பார். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை என்று காற்றுக்குப் பெயர் வைத்த மொழி நம்முடையது. கோடை என்ற சொல்லே மேல்காற்றின் பெயர்தான்.

வெயில் காலத்துக்கு என்று நமக்கு வந்து சேரும் யோசனைகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. உள் மாவட்டங்களின் வறண்ட வெக்கையும் கடலோரத்துப் புழுக்கமும் இரண்டு வேறு கோளாறுகள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதில் பலிக்காது, சில சமயம் கெடுதலும் செய்யும். அதனால் முதலில் உங்கள் வீட்டில் இப்போது இருப்பது எது என்று பாருங்கள்.

சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று போதும். நிழலில் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, ஃபேன் காற்றில் ஐந்து பத்து நிமிடம் வைத்துத் திரும்பப் பாருங்கள். 41 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள வேலூர் மதியத்தில் ஈரத்துணி அளவு 25 டிகிரி வரை இறங்கிவிடும். 35 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோர மதியத்தில் 29க்குக் கீழே இறங்காது. வெயில் அளவு ஆறு டிகிரி குறைவு, ஆனால் ஈரத்துணி நான்கு டிகிரி கூடுதல். உடம்பும் ஓர் ஈரத்துணிதான். என் கணக்கில் 26க்குக் கீழே நின்றால் வறண்ட வெக்கை, 28ஐத் தாண்டினால் புழுக்கம். கீழே எழுதியிருப்பவை பெரும்பாலும் முதல் வகைக்கு.

"காலை பத்து மணிக்கே காற்று அனலாக அடிக்கிறது"

மேல்காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் சுமார் 220 மீட்டர். அந்த மேட்டு நிலத்துக் காற்று வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமாக நம்மிடம் இறங்கி வரும்போது அழுத்தம் கூடிச் சூடாகிறது. வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். 700 மீட்டருக்கு 7 டிகிரி. அங்கே 34 என்றால் இங்கே 41. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கும் காற்றுக்கும் இதே கணக்குதான்.

இதன் மேல் சூரியனும் சேர்கிறது. நம் அட்சரேகையில் ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் காலடியில் மறையும். ஆனால் உச்ச வெப்பம் அன்றைக்கு வருவதில்லை. தரை சூடேற நாளாகும், மேல்காற்றும் மே மாதத்தில்தான் வலுக்கும். அக்னி நட்சத்திரம் மே 4 முதல் மே 28 வரை என்பது சூரியன் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறது என்ற பஞ்சாங்கக் கணக்கு. அந்தத் தேதி முடிந்ததும் வெயில் தணியும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கும் இந்த வறண்ட நாட்கள் உண்டு. சென்னையில் வழக்கமாக உச்சிவேளைக்குள் கடல்காற்று உள்ளே வந்துவிடும். மேல்காற்று வலுவாக இருந்தால் அதைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். மதியம் இரண்டு, மூன்று மணி வரை கடல்காற்று நுழையாவிட்டால் அன்று 40ஐத் தாண்டும். வங்கக் கடலில் உருவான புயல் நம்மை விட்டு வடக்கே போகும்போதும் இதே கதி. 2019இல் ஃபானி இந்தப் பக்கம் வரும், மழை தரும் என்று காத்திருந்தோம். அது ஒடிசாவுக்குப் போய் மே 3 அன்று புரி அருகே கரை கடந்தது. அப்படிப் போகும் புயல் நிலத்திலிருந்து வறண்ட காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். புயல் வடக்கே திரும்புகிறது என்று செய்தி வந்தால் குடையோடு குடிநீர் பாட்டிலையும் எடுத்து வையுங்கள்.

செய்ய வேண்டியது: காலை ஒன்பதுக்குள் மேற்கு, தெற்குப் பக்க ஜன்னல்களைச் சாத்தித் திரையிடுங்கள். திரையைவிட ஜன்னலுக்கு வெளியே கட்டும் தட்டி நல்லது, வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுத்துவிடும். வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே குளிர்ந்ததும், பொதுவாக இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல், எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். பகலெல்லாம் "காத்து வரட்டும்" என்று திறந்து வைப்பது கடலோரப் பழக்கம். இங்கே அது அடுப்பு வாயைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

"இன்றைக்கு 41, ஆனால் வெப்ப அலை எச்சரிக்கை இல்லையே" என்று பலர் கேட்கிறார்கள். வானிலை ஆய்வு மையத்தின் விதிப்படி சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும், அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடவும் இருக்க வேண்டும். அல்லது நேராக 45ஐத் தொட வேண்டும். இங்கே மே மாதத்து இயல்பே 38, 39ஐ ஒட்டி இருப்பதால் 41 என்பது கணக்கில் அலை ஆகாது. எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக உச்சி வெயிலில் வெளியே கிளம்ப வேண்டாம்.

"ராத்திரி பன்னிரண்டுக்கும் மேல்தளம் சுடுகிறது, தூக்கமே இல்லை"

முதலில் மொட்டை மாடிக்குப் போய் நில்லுங்கள். மாடியில் குளுமையாக இருந்து அறைக்குள் வெந்தால், கோளாறு வானிலையில் இல்லை, கூரையில். மாடியிலும் வெந்தால் அது காற்றுக் கோளாறு. அன்று ஈரப்பதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

வறண்ட ஊருக்கு இயற்கை ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. காற்றில் நீராவியும் மேகமும் குறைவு என்பதால் இரவில் தரைச்சூடு வானத்துக்குத் தங்குதடையின்றிப் போய்விடும். மதியம் 41 இருந்தாலும் விடியற்காலை 27க்கு வந்துவிடும். அந்தச் சலுகையைக் கெடுப்பது நம் கான்கிரீட் தளம். பகலில் குடித்த வெப்பம் அதற்குள் ஊர்ந்து அடிப்பக்கம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். மதியம் இரண்டு மணி வெயில் இரவு ஏழு எட்டு மணிக்கு உங்கள் தலைக்கு மேல் வருகிறது. அந்த நேரத்தில் சீலிங் ஃபேனைச் சுழற்றினால், தளத்தின் அடியில் தேங்கிய சூடான காற்றைக் கட்டில் மேல் இறக்குகிறோம்.

இதற்குச் செலவு குறைந்த வைத்தியம் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, பங்குனியிலேயே மாடியைப் பெருக்கிக் கழுவி இரண்டு கோட் அடித்துவிடுங்கள். வெள்ளைத் தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மதியம் வெறுங்காலை வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அழுக்குப் படிந்தால் பலன் குறையும், எனவே ஒவ்வொரு வருடமும் அடிக்க வேண்டும். கடையில் விற்கும் வெள்ளை கூலிங் பெயின்ட் கூடுதல் காலம் தாங்கும், விலையும் கூடுதல். மாடியில் பந்தல் போட்டு அடியில் காற்று ஓட விட முடிந்தால் அதைவிடச் சிறப்பு. தளத்தின் மேல் நேராகத் தகரம் போட்டு இடைவெளி விடாமல் மூடியவர்கள் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பது பாட்டி காலத்துப் பழக்கம், அதற்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம் ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வெயில் இறங்கிய பிறகு இரண்டு வாளி போதும். உச்சி வெயிலில் ஊற்றினால் சில நிமிடங்களில் காய்ந்து தண்ணீர் வீணாகும். பாலாற்றில் மணல்தான் தெரிகிற ஊரில் இருக்கிறோம், குளித்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

படுக்கும்போது டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வைத்து, வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி திருப்புங்கள். எதிர்ப் பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும்.

"ஏர்கூலர் வாங்கினேன், அறை குளியலறை மாதிரி ஆகிவிட்டது"

ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டுகிறீர்கள். ஏசிக்கு அறையைச் சாத்த வேண்டும், கூலருக்குத் திறக்க வேண்டும். கூலர் தள்ளும் ஈரக்காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் நீங்களே வீட்டுக்குள் புழுக்கத்தை உண்டாக்கிவிடுவீர்கள். கூலரின் முதுகு திறந்த ஜன்னலைப் பார்த்திருக்கட்டும், எதிர்ப் பக்கம் கதவு பாதி திறந்திருக்கட்டும். அப்படியும் குளிரவில்லை என்றால் மேலே சொன்ன ஈரத்துணிச் சோதனையைச் செய்யுங்கள். எந்தக் கூலரும் ஈரத்துணி அளவுக்குக் கீழே குளிர்விக்க முடியாது. சென்னைக் கடற்கரைப் பக்கம் இருக்கும் தங்கைக்கு நான் கூலர் வாங்கித் தராததற்குக் காரணம் இதுதான்.

ஏசி மதியம் மூன்று மணிக்கு நின்று நின்று ஓடினால், வெளி யூனிட் மேற்கு வெயிலில் இருக்கிறதா, அதன் பின்பக்கத் தகடுகளில் தூசி அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏசி வேலை செய்வது உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொட்டுவதன் மூலம். வெளியே 43 டிகிரிக் காற்று நிற்கும்போது கொட்டுவதற்கே திணறும். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் தெருவாக இருந்தால் ஸ்டெபிலைசர் அவசியம். 16இல் வைத்தால் அறை வேகமாகக் குளிராது. 26இல் வைத்து ஃபேனையும் ஓட்டுங்கள்.

"வியர்க்கவே இல்லை, ஆனால் தலை சுற்றுகிறது"

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

வறண்ட வெக்கையில் வியர்வை கண்ணுக்குத் தெரியாது. தோலுக்கு வந்த உடனே காற்று குடித்துவிடும். சட்டை நனையாததால் தண்ணீர் இழக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம். என் அப்பா அப்படித்தான் நினைத்தார். ஒரு மே மாதம் பதினொரு மணிக்கு ரேஷன் கடைக்குப் போய்விட்டு நடந்தே திரும்பினார். சட்டை உலர்ந்திருந்தது, முதுகில் உப்புக் கோடுகள் மட்டும் வெள்ளையாக. "எனக்கு வேர்க்கவே இல்லடா" என்றார். சற்று நேரத்தில் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார். திண்ணையில் படுக்க வைத்து, வேட்டியை நனைத்துப் போர்த்தி, ஃபேனை அவர் பக்கம் திருப்பி, 108க்குப் போன் செய்தோம். மருத்துவர் முதலில் கேட்டது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்பது. இரண்டாவது கேள்வி, பிரஷருக்கு என்ன மாத்திரை. நீர் பிரியும் மாத்திரை அதில் இருந்தது. கோடைக்கு அளவை மாற்றிக் கொடுத்தார். பிழைத்தார், ஆனால் அந்த உப்புக் கோடுகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

பிரித்துப் பார்க்கும் முறை இது. களைப்பு, தலைவலி, குமட்டல், கால் கெண்டை பிடிப்பு, ஆனால் பேச்சு தெளிவு: நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மெல்ல மெல்லக் கொடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் இதே வேலையைச் செய்யும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பது சரியல்ல, போன உப்பு திரும்ப வராது.

பேச்சு குழறினால், கேட்டதற்குப் பொருந்தாத பதில் வந்தால், நடை தள்ளாடினால், வலிப்போ மயக்கமோ வந்தால் அது வெப்பவாதம். உள்ளுடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை இருக்கிறதா இல்லையா என்று பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள், இரண்டு விதமாகவும் வரும். 108ஐ அழையுங்கள், வண்டி வரும் வரை குளிர்வித்துக்கொண்டே இருங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நம் ஊர் வறண்ட காற்று இங்கே நமக்குத் துணை, ஈர உடம்பில் விசிறினால் வேகமாகச் சூடு இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது, அது காய்ச்சல் மருந்து.

இன்னொன்று. 40 டிகிரிக்கு மேல் உள்ள அறையில் உலர்ந்த உடம்பின் மேல் ஃபேனை மட்டும் சுழற்றி வயதானவர்களை உட்கார வைக்காதீர்கள். உடம்பைவிடச் சூடான காற்றை அவர்கள் மேல் வீசுகிறோம். கை, கழுத்து, பாதம் ஈரமாக இருக்கட்டும்.

செல்போனில் வரும் "உணரும் வெப்பம்" வறண்ட நாளில் உண்மை அளவைவிடக் குறைவாகக்கூடக் காட்டும். அந்த எண்ணும் சரி, 41 என்பதும் சரி, நிழலுக்கானவை. கட்டட வேலை செய்பவர், தள்ளுவண்டிக்காரர், டெலிவரிப் பிள்ளைகள் படும் வெயில் வேறு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வைத்தது. வெயிலில் வேலை செய்தபோது விழுந்தார் என்பதை மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லிப் பதிய வையுங்கள்.

நீர்க்கடுப்புக்குத் தண்ணீரைக் கூட்டுங்கள். இரண்டு நாளில் தணியாவிட்டாலோ, காய்ச்சலோ விலா வலியோ சேர்ந்தாலோ, "சூடு பிடிச்சிருக்கு" என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வைப்பது தவறு. முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

"குழாயைத் திறந்தால் வெந்நீர்"

அரை நிமிடம் ஓடவிட்டு ஒரு வாளியில் பிடியுங்கள். அதற்குள் ஆறிவிட்டால் வெயிலில் கிடக்கும் குழாய்தான் காரணம், சாக்கைச் சுற்றிக் கட்டினால் தீர்ந்தது. தொடர்ந்து சுட்டால் தொட்டி. கறுப்பு சின்டெக்ஸுக்கு வெள்ளை அடித்து, மேலே கீற்றுப் போட்டு நிழல் கொடுங்கள். மோட்டாரை மாலையில் போடாமல் விடியற்காலையில் போடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரை முதல் நாள் இரவே அண்டாவில் பிடித்து வைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

"செடி மதியம் துவண்டு விழுகிறது"

உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் அது செடியின் தற்காப்பு, வேர் இழுப்பதைவிட இலை விடுவது அதிகமான நேரத்தில் சுருண்டுகொள்கிறது. காலையிலும் துவண்டே இருந்தால்தான் தண்ணீர்ப் பஞ்சம். காலையில் ஊற்றி, மண் மேல் தென்னை நாரோ சருகோ மூடாக்குப் போடுங்கள். தொட்டியைச் சுடும் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள். தக்காளி 35க்கு மேல் பூ உதிர்ப்பது நோயல்ல, மருந்து அடித்துப் பயனில்லை.

"மேகம் கட்டுகிறது, இடிக்கிறது, மழை மட்டும் இல்லை"

மதியத்துக்கு மேல் ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் திரண்டு கறுக்கும். ஊரே மாடியில் நிற்கும். புழுதிக் காற்று ஒன்று வந்து தலையைக் கலைத்துவிட்டுப் போகும், மண்வாசனை வரும், மழை வராது. மேகத்திலிருந்து மழை இறங்குவது உண்மை. அடியில் இருக்கும் வறண்ட காற்றுப் படலம் அதை வழியிலேயே குடித்துவிடுகிறது. மழை காய்ந்த குளிர்ச்சி மட்டும் காற்றாகக் கீழே வந்து விழுகிறது. புழுதிக்குக் காரணம் அந்தக் காற்று.

நல்ல கோடை மழை பெய்ய, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் கிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்றும் நம் தலைக்கு மேல் சந்திக்க வேண்டும். அதற்கு அடையாளம், இரண்டு மூன்று நாளாகக் கொடித்துணி மாலையில் மேற்கே பறக்கத் தொடங்குவதும், ஈரத்துணி அளவு 25லிருந்து 27, 28க்கு ஏறுவதும். அந்த நாட்களில் வெக்கை போய்ப் புழுக்கம் வரும், எல்லோரும் கூடுதலாகச் சிரமப்படுவார்கள். எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வரும். இடி கேட்டதும் மாடியைவிட்டு இறங்கிவிடுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

மழை பெய்த மறுநாள் வீட்டின் சட்டம் தலைகீழாகும். ஜன்னல் பகலிலும் திறந்திருக்கலாம். மாடியில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். கூலரை நிறுத்தி, அடித்தொட்டியில் மீந்த தண்ணீரைக் கொட்டி, துடைத்துக் காய வையுங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு ஒரு வாரத் தேங்கிய தண்ணீர் போதும். மேல்காற்று திரும்பி வரும் வரை அது காய்ந்தே இருக்கட்டும்.